எட்டாவது குழிக்கு வலது பக்கம்

அந்த மைதானத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்ததே அவள் புருஷன்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அவன் இல்லவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். கேடிகள் உட்காரும் கொட்டகையில் அவள் இருந்தால் வேறு யாரும் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த டாக்டருக்குப் பந்து தொலைந்தது, எந்த கம்பெனி முதலாளி மணல் குழியில் நின்றுகொண்டு அழாத குறையாகக் கெஞ்சினார், எல்லாம் ஒலிபரப்பாகும். கேடி என்றதும் சினிமாவில் கழுத்தில் கர்சீப் கட்டிக்கொண்டு வருகிற ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். கோல்ஃப் ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கிறவர்களுக்கு அதுதான் பெயர். அந்தக் கேடி பையோடு ஓடிவிடுவான், இந்தக் கேடி பையோடு நடப்பார், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் பை தோளில் ஏறிவிட்டால் ரேடியோ நின்றுவிடும். அதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். கேட்காமல் எதுவும் சொல்லக் கூடாது. கேட்டால் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்ல வேண்டும். பை யாருடையதோ, ஆட்டம் முடியும்வரை வாயும் அவருடையது. ஆரம்பத்தில் அவள் கிளப் கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஆள் பற்றாக்குறை என்று பிடித்து இழுத்துப் பையை மாட்டிவிட்டார்கள். முதல் குழியிலேயே பை கவிழ்ந்து மட்டைகள் எல்லாம் சரிந்து விழுந்தன. அன்றைக்கு ஆட வந்தவர் ஒரு பல் டாக்டர் அம்மா. திட்டவில்லை. அடுத்த வாரம் வந்து, "அந்தப் பேசாத பொண்ணையே அனுப்புங்க" என்று கேட்டார். கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

புருஷனுக்கு அந்தப் பாடம் எந்த ஜென்மத்திலும் ஏறவில்லை. அவனுக்கு வக்கீல் என்று பெயர். ஆடுகிறவர் ஏழாம் நம்பர் மட்டையைக் கேட்டால் ஏன் ஆறாம் நம்பர்தான் சரி என்று வாதாடி, தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் மட்டையைக் கொடுப்பான். வீட்டிலும் அதே கதை. குழம்பில் உப்பு குறைவு என்பதை அவன் சொல்லி முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடும். அவனைப் பொறுத்துக்கொண்டார்கள் என்றால், காரணம் அவனுடைய ஆட்டம். கிளப்புக்கு விடுமுறை நாளில் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். அப்போது வக்கீல் மட்டையைத் தூக்கினால் தோட்டக்காரர்கள்கூடப் புல்வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

எல்லாம் முதுகு கெடும்வரைதான். முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். படுத்துக் கிடந்து எழுந்தான். ஆடுவதற்குத் தடை இல்லை, அதுவும் அளவோடு. பை மட்டும் தூக்கவே கூடாது, தூக்கினால் ஒருநாள் கால் மரத்துப்போய் நடுவழியில் உட்கார்ந்துவிடுவீர்கள் என்று டாக்டர் சொன்னபோது அவன் முதல் தடவையாக எதிர்வாதம் செய்யாமல் இருந்தான். அவள் பயந்தது அதைப் பார்த்துத்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டார்ட்டர் ஓய்வு பெற்றார். முதல் குழி தொடங்கும் இடத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட வருகிறவர்களை வரிசைப்படி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாற்காலி! முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி. வக்கீலுக்கு என்றே செய்து வைத்த மாதிரி. அந்த வேலை கிடைக்காவிட்டால் அவனுக்கு இரண்டே வழி. ஒன்று வீட்டில் படுத்துக் கிடப்பது, மற்றது டாக்டர் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டுப் பையைத் தூக்குவது. அவன் எதைச் செய்வான் என்று அவளுக்குத் தெரியும்.

வேலை கொடுக்கிறவர்கள் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். இவர்களுக்கு வேடிக்கையும் வேண்டும். கேடிகளுக்குள் ஒரு போட்டி வைப்போம், ஜெயிக்கிறவருக்கு வேலை என்று கிளப் தலைவருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. பெரிய மனிதர்களுக்கு யோசனை உதித்தால் சின்ன மனிதர்களுக்குத் தூக்கம் போகும். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் முதல் வாரமே மண்ணைக் கவ்வினார்கள். கடைசியில் நின்றது இரண்டே பேர். வக்கீல் ஒருவன். இன்னொருவன் சுருட்டை.

சுருட்டை நல்ல பையன். பையன் என்ன, முப்பதைத் தாண்டியவன், தலைமுடி மட்டும் சுருள் சுருளாக இருப்பதால் யாருக்கும் வயது தெரிவதில்லை. வக்கீல் படுக்கையில் கிடந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி ஆட்டத்தன்று காலையில் கேடிகளை மேய்க்கிற சூப்பர்வைசர் தன் தொப்பியைக் கழற்றி, அதில் இரண்டு டோக்கன்களைப் போட்டுக் குலுக்கினார். யார் யாருடைய பையைத் தூக்குவது என்பதற்கு அந்தக் குலுக்கல்தான். அதற்கு முறை வந்திருந்தவர்கள் இரண்டு பேர், ரேடியோவும் மத்தியானம் என்ற ஆளும். நடுப்பகல் ஆகாமல் அவனுக்குக் கண் முழுசாகத் திறக்காது என்பதால் அந்தப் பெயர். அவள் கையை விட்டு எடுத்தாள். சுருட்டையின் டோக்கன் வந்தது.

மாற்றிக் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பார்த்தாள். குலுக்கலில் வந்ததை மாற்றினால் நாளைக்கு ஆளாளுக்கு மாற்றக் கேட்பார்கள், முடியவே முடியாது என்றார் அவர். கொட்டகையில் முணுமுணுப்புக் கிளம்பியது. புருஷனை எதிர்த்து ஆடுகிறவனுக்குப் பெண்டாட்டி வழி சொல்வாளா, நம்பாதே என்று சுருட்டையிடமே நாலு பேர் ஓதினார்கள். சுருட்டை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பக்கம் வந்தான்.

"அக்கா தூக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சொல்றதை அப்படியே அடிக்கிறேன்கா."

வக்கீல் எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்லதாப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் முடியாது. குலுக்கல் முடிந்த நிமிஷத்திலிருந்து ஆட்டம் முடியும்வரை பை தூக்குகிறவர் எதிர்ப் பக்கத்து ஆட்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது. பேசினால், யாருக்கு உதவியாகப் பேசினாரோ அவர் தோற்றதாகக் கணக்கு. அது சூப்பர்வைசர் போட்ட சட்டம். பந்து சேற்றில் விழுந்தாலும் கல்லில் விழுந்தாலும் கையால் தொடாமல் கிடந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். கையால் தொட விட்டால் கேடிகள் போட்டி கைகலப்பில் முடியும் என்று அவருக்கு அனுபவம் இருந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் பை தூக்குகிறவர்கள் மைதானத்தை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வருவது வழக்கம். குழியைக் காட்டுகிற கொடிகளை அன்றைக்கு எங்கே நட்டிருக்கிறார்கள், எங்கே ஈரம், எங்கே புல் வெட்டவில்லை என்று பார்ப்பார்கள். குழிக்குப் போகிற வழியையும் சேர்த்துக் குழி என்றுதான் சொல்வார்கள், அப்படி ஒன்பது குழியும் அவள் நடந்தாள். எட்டாவது குழியில், மேட்டைத் தாண்டி இடது பக்கச் சரிவில் கால் வைத்தபோது செருப்பு சேற்றோடு ஒட்டிக்கொண்டு கழன்று வந்தது. தண்ணீர்க் குழாயை யாரோ ராத்திரி மூடாமல் விட்டிருக்கிறார்கள். மேலே பார்த்தால் பச்சைப் பசேல் என்று கண்ணைப் பறிக்கிற புல். உள்ளே கொழகொழவென்று சேறு.

நிமிர்ந்து பார்த்தாள். மத்தியானம் ஐந்தாவது குழியோடு திரும்பி, கொட்டாவி விட்டுக்கொண்டே டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

பாவி மனிதா, இன்னும் மூன்று குழி நடந்தால் குறைந்தா போய்விடுவாய் என்று அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் புருஷன் தோற்றான். கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றாள். எட்டாவது குழியை எப்படி ஆட வேண்டும் என்று அந்தக் கிளப்பில் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். எதிரே ஒரு மேடு, மேட்டின் உச்சியில் ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு மரங்கள், அவற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. மரங்களுக்கு இடது பக்கமாகப் பெரிய மட்டையால் ஓங்கி அடித்தால் பந்து மேட்டைத் தாண்டிச் சரிவில் உருண்டு கொடிக்குக் கிட்டேயே போய் நிற்கும். வலது பக்கம் அடித்தால் ஓடை. வக்கீல் அதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பான். இன்றைக்கு மட்டும் அது தப்பு. அது தெரிந்த ஒரே ஆள் அவள்.

ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு குழியும் தனித்தனிக் கணக்கு. குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போட்டவருக்கு அந்தக் குழி. முடிவில் யாருக்கு அதிகக் குழியோ அவருக்கு நாற்காலி. சூப்பர்வைசர் குடையை ஊன்றிக்கொண்டு நடுவராகக் கூடவே வந்தார்.

முதல் குழி நேர் வழி, அகலமான வழி, அதில் யாரும் தோற்கவே கூடாது. ஆனால் கிளப் வராந்தாவில் டீக் கோப்பையோடு உட்கார்ந்து எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கிறார்களே என்று ஓங்கி அடித்தால் பந்து புதருக்குப் போகும். வெட்கப்படாமல் சின்ன மட்டையை எடுக்க வேண்டும். இரண்டு பேரும் அப்படியே ஆடினார்கள், சமம். இரண்டாவது குழி வலது பக்கம் வளைகிறது. வளைவு வரைக்கும் போய்த் திரும்புவதுதான் மரியாதை. குறுக்கே மரங்களுக்கு மேலாகப் போய்விடலாம் என்று சுருட்டைக்கு ஆசை வந்தது. அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. பந்து கிளையில் பட்டு அவன் காலடிக்கே திரும்பி வந்தது. வக்கீலுக்கு ஒரு குழி கிடைத்தது. அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள், உள்ளே ஒரு குதி குதித்தாள்.

அதற்குப் பிறகு சுருட்டை ஒவ்வொரு அடிக்கும் கேட்க ஆரம்பித்தான்.

மூன்றாவது குழி குளத்துக்கு மேலாக. தண்ணீர் கண்ணை ஏமாற்றும், தூரம் குறைவாகத் தெரியும். ஒரு நம்பர் பெரிய மட்டை எடுங்கள் என்று அவள் சொன்னாள். சுருட்டையின் பந்து தாண்டிப் போய் உட்கார்ந்தது. வக்கீல் தன் கையை நம்பிச் சின்ன மட்டையால் அடித்தான். குளம் ஒரு சத்தத்தோடு அதை வாங்கிக்கொண்டது. அந்தச் சத்தம் அவள் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது. இப்போது ஆளுக்கு ஒன்று.

நாலாவது குழி நீளமான ஏற்றம். மேலே போய்ச் சேர்ந்தாலும் கொடியைச் சுற்றியுள்ள தரை முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதனால் பந்தைக் கொடிக்குக் கீழேயே நிறுத்த வேண்டும், மேலே போனால் கதை கந்தல். ஏறும்போது வக்கீல் இரண்டு தடவை நின்று இடுப்பில் கை வைத்தான். அவள் சுருட்டையின் பின்னால் நடந்துகொண்டே ஓரக்கண்ணால் அதையேதான் பார்த்தாள். வீட்டில் என்றால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டவும் செய்திருப்பாள். இங்கே யாரோ ஒருத்தி மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தக் குழி சமம். ஐந்தாவதில் இடது பக்கம் வரிசையாக மணல் குழிகள், வலது பக்கம் புல் கொஞ்சம் முரடு. முரட்டுப் புல்லே மேல். சுருட்டையிடம் அதைத்தான் சொன்னாள், அவன் அடித்தது கை தவறி மணலுக்குள் போனது. வக்கீலுக்கு இரண்டாவது குழி.

அவன் ஒரு குழி முன்னால் இருக்கிறான். அவள் நடந்துகொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆறாவதும் ஏழாவதும் அவனுக்கே வந்துவிட்டால் மூன்று குழி முன்னால் போய்விடுவான், மிச்சம் இருப்பதே இரண்டு, எட்டாவதுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. சேறு சேறாகவே கிடந்துவிட்டுப் போகட்டும். அவள் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை.

ஆறாவது குழி இரண்டு பக்கமும் மரங்கள் அடைத்த சந்து. மரத்துக்குள் பந்து போய்விட்டால் வீராவேசம் கூடாது. பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி வெளியே வந்து, ஒரு அடி போனால் போகிறது என்று விட்டுவிட வேண்டும். இரண்டு பேர் பந்தும் மரத்துக்குள்தான் போனது. சுருட்டை கேட்டான், அவள் சொன்னாள், அவன் தட்டி வெளியே வந்தான். வக்கீலிடம் மத்தியானமும் அதையேதான் சொன்னான், ஆனால் வக்கீலிடம் யார் பேசி ஜெயிப்பது? இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. அது அவனுக்குக் கதவு திறந்த மாதிரி தெரிந்ததாம். பந்து மரத்தில் மோதி இன்னும் உள்ளே போனது. மறுபடி சமம்.

ஏழாவது, கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி ஒரு தரை. நேரே கொடியைப் பார்த்து அடித்தால் வழுக்கி அந்தப் பக்கம் ஓடிவிடும். முன்னாலேயே போட்டு உருள விட வேண்டும். இரண்டு பேருமே அதில் கெட்டிக்காரர்கள். சமம்.

எட்டாவது குழிக்கு வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு குழி. கடைசியாக ஆறாவது குழியை ஜெயித்தவன் சுருட்டை என்பதால் அவன்தான் முதலில் அடிக்க வேண்டும். மேட்டின் உச்சியில் இரண்டு மரங்களும் அசையாமல் நின்றன. வக்கீல் பத்தடி தள்ளி, மட்டையில் ஊன்றிக்கொண்டு நின்றான். சுருட்டை பெரிய மட்டையின் மேல் கை வைத்துக்கொண்டே, சும்மா கேட்டான்.

"வழக்கம் போல இடது பக்கம்தானேக்கா?"

இந்த இடத்தில் அவளை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஊரே சொல்கிற பதிலுக்கு ஒரு தலையாட்டல் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். இரண்டு பேரும் சேற்றில் மாட்டுவார்கள், அதற்குப் பிறகு யார் கையில் பலமோ அவர் பிழைத்துக்கொள்வார். யாரும் அவளை ஒரு கேள்வி கேட்க முடியாது. இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தோன்றியது. பிறகு எத்தனையோ தடவை தோன்றியது. அந்த நிமிஷத்தில் பை தோளில் இருந்தது, பைக்காரன் கேட்டான், இத்தனை வருஷமாகப் பழகிய வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"இல்ல தம்பி. வலது பக்கம். அஞ்சாம் நம்பர் எடுங்க, மேட்டைத் தாண்டினா போதும்."

சுருட்டை அவளை ஒரு தடவை பார்த்தான். எட்டாவதில் வலது பக்கம் போகச் சொன்னவர்களை அவன் கண்டதில்லை. எதிராளியின் பெண்டாட்டி சொல்கிறாள், அதுவும் ஓடை இருக்கிற பக்கத்தைக் காட்டுகிறாள். சூப்பர்வைசர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். சுருட்டை பெரிய மட்டையை உள்ளே தள்ளிவிட்டு ஐந்தாம் நம்பரை உருவினான். பந்து மரங்களுக்கு வலது பக்கமாக ஏறி, மேட்டைத் தாண்டி மறைந்தது. அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று இங்கிருந்து யாருக்கும் தெரியாது.

அவள் திரும்பினாள். வக்கீல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பல் தெரியாத சிரிப்பு, கண்ணில் மட்டும். கல்யாணமான புதிதில் பார்த்தது. முதுகு கெட்ட பிறகு அந்த முகத்தில் அவள் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. ஒரு கணம் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அட கடவுளே, இந்த மனுஷன் நான் சுருட்டையை ஓடையில் தள்ளிவிட்டேன் என்று நினைக்கிறான். எனக்காக என் பெண்டாட்டி பொய் சொல்லிவிட்டாள் என்று பூரித்துப்போய் நிற்கிறான்.

வேண்டாம் என்று தலையை ஆட்டலாமா? சூப்பர்வைசர் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இருமலாமா? இருமினாலும் சைகைதான். கண்ணை மட்டும் அகல விரித்து அவனை முறைத்தாள், கண்ணாலேயே கத்தினாள். அவன் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். புரிந்துவிட்டது என்பது போல மெதுவாக ஒரு தலையாட்டல் ஆட்டினான். பெரிய மட்டையை எடுத்தான். காலை அகட்டி, மரங்களுக்கு இடது பக்கத்தைப் பார்த்து நின்றான். பையின் வார் தோளை அறுக்க, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த வாயை வைத்துக்கொண்டு அவள் என்னவெல்லாம் பேசியிருக்கிறாள்! இப்போது ஒரே ஒரு வார்த்தைக்கு வழி இல்லை.

அவன் அன்றைக்கு அடித்ததிலேயே அழகான அடி அதுதான். பந்து வளையாமல், நெளியாமல், எங்கே அனுப்பினானோ அங்கேயே போனது. மத்தியானம்கூடக் கண்ணை முழுசாகத் திறந்து, "பிரமாதம் அண்ணே" என்றான்.

மேட்டின் மேல் ஏறியதும் எல்லாம் தெரிந்தது. வலது பக்கம், ஓடைக்கு மேலே சமதரையில், சுருட்டையின் பந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இடது சரிவில் பந்தே காணோம். மத்தியானம் இறங்கித் தேடினான், கணுக்கால் வரைக்கும் போய்விட்டது. கடைசியில் வெள்ளையாக ஒரு பொட்டு மட்டும் சேற்றுக்கு மேலே தெரிந்தது. வக்கீல் அங்கே போய் நின்று முதலில் பந்தைப் பார்த்தான். பிறகு சுருட்டையின் பந்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதல் அடியில் சேறு பறந்தது, பந்து அசையவில்லை. இரண்டாவது அடியில் ஒரு முழம் நகர்ந்தது. அவன் முகமெல்லாம் சேறு. அதைத் துடைக்காமலே, அந்தக் குழி உனக்கு என்று சுருட்டையைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டான்.

ஒன்பதாவது குழியில் கொடி நட்ட தரைக்கு முன்னால் அதே ஓடை குறுக்கே வரும். தாண்டப் பார்க்காமல் இந்தப் பக்கமே நிறுத்தி, அடுத்த அடியில் தாண்ட வேண்டும். சுருட்டை கேட்டான். அவள் சொன்னாள். என்ன சொல்வது பின்னே, பை தோளில்தானே இருந்தது. வக்கீலும் அப்படியே ஆடினான். சமம். ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கிளப் தலைவர் அறைச் சாவியைச் சுருட்டையின் கையில் கொடுத்து, நல்ல போட்டி, ரொம்ப நல்ல போட்டி என்று இரண்டு தடவை சொன்னார். சுருட்டை சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவளிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பையை அவன் காலடியில் இறக்கி வைத்துவிட்டு நடந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வக்கீல் முன்னால் நடந்தான், அவள் பின்னால். அவன் திட்டுவான் என்று காத்துக்கொண்டே வந்தாள். திட்டினால் தேவலை. குழம்பு உப்புக்கே அரை மணி வாதாடுகிறவன், வேலையைத் தட்டிப் பறித்துக் கொடுத்ததற்கு எவ்வளவு வாதாட வேண்டும்! அவளும் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். மத்தியானம் நடந்து பார்த்திருந்தால் இந்த வம்பே இல்லை, மூன்றாவதிலும் ஆறாவதிலும் நீங்கள் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் எட்டாவதுக்கே போயிருக்க வேண்டாம், எல்லாம் நியாயம்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. குளித்தான். சேறு போக நேரம் ஆயிற்று. வந்து கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

அவள் வெந்நீர்ப் பையை அவன் இடுப்பில் வைத்து அழுத்தினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ குழாயடியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவன் தலையணையில் முகத்தை வைத்தபடியே பேசினான்.

"அவன்கிட்ட நிஜத்தைத்தான் சொன்னியா?"

"ஆமாங்க."

"நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்."

"தெரியும். பார்த்தேன்."

அவள் வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தாள். தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

"இவ நமக்காக இதுகூடச் செய்வாளான்னு நினைச்சேன். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. அந்த அடி அடிக்கிறப்ப முதுகே வலிக்கல தெரியுமா."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் அவளுக்குப் பதில் இருந்தது. ஊரே ரேடியோ என்று கூப்பிடுகிற வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. நான் உங்களுக்காகத்தானே அத்தனை தெய்வத்தையும் கூப்பிட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகப் போகிறது? அவள் வெந்நீர்ப் பையை நகர்த்தி நகர்த்தி, வலிக்கிற இடத்தைத் தேடி அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு நீ போறப்ப என்னையும் எழுப்பிவிடு" என்றான் அவன். "நானும் பை தூக்க வர்றேன்."

அவள் சரிங்க என்றாள்.